வெளிச்சம் பார்க்க நிற்பவள்

"கொஞ்சம் இடது பக்கம் போ ரெஜி. போதும் போதும். மோவாயைத் தூக்கு" என்றான் குமரவேல், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. ரெஜினா தூக்கினாள். தூக்கிய மாத்திரத்தில் கூவம் மூக்கில் ஏறியது. நேப்பியர் பாலத்தில் நின்று மூச்சை இழுத்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த வாடை. போட்டோவில் பார்க்கிறவர்களுக்கு என்ன, தண்ணீர் தகதகவென்று தெரியும், அவ்வளவுதான். ஊரிலிருக்கிற கல்யாண ஜோடியெல்லாம் மெரினாவில் சூரியன் கடலுக்குள் இறங்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறது. அது காலையில் எழும்புகிற பக்கமப்பா, சாயங்காலம் ஊருக்குப் பின்னால்தான் போய் விழும் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய்த்தான் அவன் இந்தப் பாலத்தைப் பிடித்தான். இங்கே நடைபாதையில் நின்றால் கூவத்துக்கு மேலேயே சூரியன் இறங்கும். கிளிக். கிளிக். இப்போது எடுத்தானே, அது யாருக்கு? எனக்கா, வெளிச்சத்துக்கா? இதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. "சீக்கிரமே போயிடலாம், பொண்ணு மாப்பிள்ளை லேட்டாத்தான் வருவாங்க, முதல்ல நம்மளோடதை எடுத்துடலாம், பட்டு கட்டிக்க" என்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னது அவன்தான். நுரை வாயோடு சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே. நம்பித்தான் மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்துக் கட்டினாள், பின்னலை இறுக்கிப் போட்டு மல்லிகை வைத்தாள், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லைட் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மடியில் வைத்த பை புடவை மடிப்பையெல்லாம் கசக்கித் தொலைத்துவிட்டது. கசங்கினது போட்டோவில் தெரியுமா? தெரிந்தால் அம்மா கேட்பாள். ராயபுரத்து வீட்டு ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டின பிறகு ஆயுசுக்கும் கேட்பாள், ஏண்டி கல்யாணப் புடவையைக் கூடவா இஸ்திரி போடலை என்று. அம்மாவுக்கு அது கல்யாண போட்டோ. அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்போகிறாள் ரெஜினா. பொய்தான். என்ன செய்வது?

அப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் பேசத் தைரியமே வந்தது. அவர் இருந்தவரைக்கும் ரெஜினா என்ற பெயர் அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை. இந்துப் பையனை இழுத்துக்கொண்டு ஓடினவள், தொலைந்தவள். போன வாரம்தான் அம்மா கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் ரெண்டு பேருமா சாப்பிட வாங்கடி. வரும்போது உங்க கல்யாண போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வா. அக்காளோடது, தம்பியோடது எல்லாம் வரிசையா மாட்டியிருக்கு. உன்னோடதையும் மாட்டிடுறேன். இனிமே யாரு கேக்கப்போறா?" சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? போட்டோகிராஃபர் பெண்டாட்டி! ஊர் சிரிக்காதா? பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இரண்டு பேர் முகமும் சேர்ந்து எதிலும் விழவில்லை. பாஸ்போர்ட் அளவில் அவன் ஒன்று, அவள் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினார்கள், தீர்ந்தது கல்யாணம். அவன் கழுத்தில் அன்றைக்கும் கேமரா தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரிடமாவது கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு வந்தவனிடம் கொடுக்கப் போனாள். "அவனுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியாது, கெடுத்துடுவான். நானே ஒரு நாள் சூப்பரா எடுக்கிறேன், சன்செட்ல" என்றான். அந்த ஒரு நாள் வரவேயில்லை. வராமலா போய்விடும், வீட்டிலேயே போட்டோகிராஃபர், அவசரமா என்ன, என்று அவளும் இருந்துவிட்டாள். அவசரமில்லாத ஆள் நான். யாருக்கு அவசரமோ அவர்களுக்கெல்லாம் எடுத்தாயிற்று. காது குத்தலுக்கு, வளைகாப்புக்கு, நாய்க்குட்டிக்குக் கூட எடுத்திருக்கிறான், ஒருத்தர் வீட்டு நாய்க்கு ஆல்பமே போட்டுக் கொடுத்தான். அந்த நாயை எண்ணித் திடீரென்று சிரிப்பு வந்தது. "சிரிக்காதே, கன்னத்துல நிழல் விழுது" என்றான் குமரவேல். அப்படியென்றால் என்னைத்தான் எடுக்கிறான். கன்னத்தைப் பார்க்கிறானே! வெளிச்சம் பார்க்கிறவனுக்குக் கன்னம் எதற்கு? இல்லை, அதுவும் வெளிச்சம்தான். நிழல் என்றுதானே சொன்னான். உன் கன்னம் என்று சொல்லவில்லையே.

அவளுக்கு இந்த நிற்பு புதிதில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் வருவதற்கு முன்னால் அவர்கள் நிற்கப்போகிற இடத்தில் ரெஜினா போய் நிற்பாள். அவள் முகத்தை வைத்து வெளிச்சம் பார்த்து, எல்லாவற்றையும் திருகிச் சரிசெய்து வைத்துக்கொள்வான். நிஜப் பெண் வந்ததும் "நீ நகரு" என்பான். ராத்திரி வீட்டுக்குப் போய் அந்தச் சோதனைப் படங்களையெல்லாம் அழிப்பதும் ரெஜினாவின் வேலைதான். அவளே உட்கார்ந்து அவளை அழிப்பாள், இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டு. முதலில் கொஞ்சம் என்னமோ போலிருந்தது, அப்புறம் பழகிவிட்டது, பழகாதது என்ன இருக்கிறது உலகத்தில். வாடிக்கையாளர்கள் முன்னால் அவனை "சார்" என்று கூப்பிடப் பழகவில்லையா? பெண்டாட்டி என்று தெரிந்தால் ஸ்டுடியோவில் வேறு ஆளே இல்லை என்று நினைப்பார்களாம். மரியாதை போய்விடுமாம். யாருக்கு மரியாதை? எனக்கு வாயில் வருகிறது, சொன்னால் சண்டை. சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டும். முன்னெல்லாம் இவன் பார்வை என்ன பார்வை! காசிமேட்டு டீக்கடையில் எதிரில் உட்கார்ந்து அவன் பார்த்த பார்வையில் பன் தொண்டையில் இறங்காமல் தண்ணீர் குடித்திருக்கிறாள். அப்போது அவன் கையில் கேமரா கூட இல்லை, அடகில் இருந்தது. கேமரா இல்லாதபோது பார்த்தான். கேமரா வந்த பிறகு கேமராதான் பார்க்கிறது. சரி, விடு. இன்றைக்கு ஒரே ஒரு அடையாளம் வைத்துக்கொண்டிருக்கிறாள் மனசுக்குள். முக்காலி ஸ்டாண்ட். அவளை மட்டும் எடுக்க அது வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வேண்டுமானால் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, டைமரைப் போட்டுவிட்டு அவன் ஓடிவந்து பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டாண்ட் ஸ்கூட்டரில் கட்டியபடியே இருக்கிறது. அதை அவிழ்த்தானென்றால் நிஜம். அவிழ்க்கவில்லையென்றால் இன்றைக்கும் ஏமாந்தவள் நான்தான். சூரியன் மரத்து உச்சியைத் தொட்டுவிட்டது. பஸ் ஒன்று காது கிழிய அடித்துக்கொண்டு போனது. "ஏங்க, ஸ்டாண்டு..." என்றாள். "இருடி, அதுக்குத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான். டி போட்டுச் சொன்னான். டி வந்தால் அவன் நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று அர்த்தம். அதுக்குத்தானே என்றான், எதுக்குத்தானே? ஆனாலும் கசங்கின மடிப்பை அவசர அவசரமாக நீவிவிட்டுக்கொண்டாள். வெட்கக்கேடு, இந்த வயசில்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை நிரஞ்சன் கோட்டு சூட்டோடு இறங்கினான். பின் சீட்டில் அவன் அம்மா. கதவைத் திறந்து ஒரு வினாடி கூவத்தை மோந்து பார்த்தவள் "ஐயோ, என்னடா இது நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். பாலத்து ஓரத்தில் காரை நிறுத்தவிடமாட்டார்கள், டிரைவர் அவளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். பெண்ணைக் காணோம். "வர்ஷிணி மேக்கப்ல மாட்டிக்கிட்டா சார். அந்த மேடம் லேட் பண்ணிட்டாங்க. வழியில இருக்கா" என்றான் நிரஞ்சன், பரீட்சைக்கு லேட்டாக வந்த பையன் கணக்காகக் கையைப் பிசைந்துகொண்டு. "அவளுக்கு இந்த சன்செட்டுதான் சார் முக்கியம். ரிசப்ஷன் வாசல்ல பெரிசா வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா." குமரவேல் வானத்தைப் பார்த்தான், உச்சுக் கொட்டினான், ரெஜினாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் அறிவாள். ஒட்டடைக் கம்பு எங்கே வைத்தோம் என்று தேடுகிற பார்வை. "அவங்க வர்ற வரைக்கும் ஃபிரேம் செட் பண்ணி வச்சுக்கலாம் சார். நீங்க இவங்க பக்கத்துல நில்லுங்க." இவங்க! நிரஞ்சன் தயங்கி வந்து ஓரமாக நின்றான். நல்ல பையன். செண்டு வாசனை கூவத்தையே அமுக்கியது. "இன்னும் கிட்ட சார். அக்காதானே, கூச்சப்படாதீங்க. நெத்தியும் நெத்தியும் தொடுற மாதிரி. ரெஜி, நீ கொஞ்சம் சாஞ்சுக்க." சாய்ந்துகொள்ளச் சொல்கிறான். யார் மேல் யாரை? அவளுக்கு உடம்பு கூசியது. நிரஞ்சன் "சாரிக்கா" என்றான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இந்தப் பையனுக்கு இருக்கிற கூச்சத்தில் கால்வாசி அவனுக்கு இருக்கிறதா பார், கட்டின பெண்டாட்டியை வேற்று ஆம்பளை நெற்றியோடு நெற்றி வைக்கிறோமே என்று ஒரு சுருக்கு? ஒரு பொறாமை? பொறாமைப்பட்டானென்றால் கூட இன்றைக்கு மன்னித்துவிடுவாள். ஸ்டூலை நகர்த்துகிறவன் ஸ்டூல் மேல் பொறாமைப்படுவானா? சூரியன் அவர்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் வந்து நின்றது, சிவப்பாக, பெரிசாக. கண்ணுக்குள் அப்பிக்கொண்டது. இதுதான் அந்த வெளிச்சம். இதைத்தான் அவன் சொன்னான், சன்செட்ல எடுக்கிறேன் என்று. சிரிக்கலாமா என்று நினைத்தாள். உதடு தானாகவே கொஞ்சம் விரிந்தது. அம்மா பார்க்கிறாள், சிரி. "சிரிக்கவெல்லாம் வேணாம் ரெஜி, முகம் தெரியாது. நிழல்தான் விழும்" என்றான் குமரவேல். கிளிக், கிளிக், கிளிக். குனிந்து எடுத்தான், மண்டி போட்டு எடுத்தான், தரையில் படுத்தே எடுத்துவிட்டான், வெளிச்சம் பார்க்க மட்டும் யாரும் படுப்பார்களா? "சூப்பர்! அப்படியே இருங்க!" அவன் குரலில் அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. அப்புறம் சூரியன் போயேவிட்டது. போகிறேன் என்று சொல்லிவிட்டா போகும்?

வர்ஷிணி வந்து இறங்கும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பட்டுப்புடவை, தலைமுடியைச் சுருள் சுருளாக விரித்து விட்டிருந்தாள், அழகான பெண். இறங்கியதும் மேற்கே பார்த்தாள். கண் மையெல்லாம் கரைய ஆரம்பித்தது. "போச்சா? மொத்தமா போச்சா? நான் அந்த மேடத்துக்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்..." "அழாதீங்க மேடம், மேக்கப் கலைஞ்சிடும். நைட்ல உங்களை எப்படி எடுக்கிறேன் பாருங்க" என்றான் குமரவேல். சொல்லிவிட்டு ஸ்கூட்டருக்குப் போனான். ஸ்டாண்டை அவிழ்த்தான். ரெஜினா பார்த்துக்கொண்டே நின்றாள். அவிழ்த்தானப்பா, அவிழ்த்துவிட்டான். மூன்று காலையும் விரித்து நடைபாதையில் ஊன்றினான், பெரிய கேமராவை மேலே மாட்டினான், சாயங்காலம் எடுத்த சின்னக் கேமராவைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டான், கண்ணைக் கூடப் பார்க்காமல். பாலத்து வளைவெல்லாம் விளக்கு போட்டாயிற்று, கார் விளக்குகள் கோடு கோடாக இழுபடும்படி ஷட்டரைத் திறந்து வைத்து, ஜோடியை அசையாமல் நிறுத்தி எடுத்தான். "மூச்சு விடாதீங்க மேடம்... அவ்வளவுதான்... அருமை!" ரெஜினா கைவிளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் கடுத்தது. பிடித்த கையை மாற்றிக்கொண்டு, சும்மா இருந்த கையால் கழுத்துக் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, ஒன்றாவது தேறுமா என்று பார்க்க வேண்டாமா? முதல் படம்: அவள் தனியாக. பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மசமசவென்றிருந்தது. கை ஆடிவிட்டதோ என்று அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் முகம் மங்கல்; பின்னால் பாலத்துக் கைப்பிடியில் சுண்ணாம்பு உதிர்ந்தது வரைக்கும் பளிச்சென்று இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, மோவாயைத் தூக்கினது, கன்னத்தில் நிழல் விழுந்தது, எல்லாம் ஒரே கதை. சாட்சிக்கு வந்தவனுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியாது என்று சொன்ன மகான் எடுத்தது. கைப்பிடிச் சுவரைப் பார்த்து எடுத்திருக்கிறான். நான் நடுவில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கா வெளிச்சத்துக்கா என்று குழம்பினாளே, பைத்தியக்காரி, பதில் தெரிந்துவிட்டதல்லவா? போதுமா? விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் நிழல் படங்கள் வந்தன. சிவந்த வானத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பெண்ணின் மூக்கு, மோவாய், கழுத்தில் இறங்குகிற பின்னல், பின்னலில் சொருகின பூ, ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டின மாதிரி அவ்வளவு துல்லியம். நெற்றிகளுக்கு நடுவில் சூரியன். அழகாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலோடு சொன்னாலும் அழகுதான்.

"என்ன பாக்கிற, குடு" என்று வந்து வாங்கினான் குமரவேல். பார்த்தவன் ஒரு நொடி நின்றான், முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. ஓடிப்போய் ஜோடியிடம் காட்டினான். "மேடம், உங்க சன்செட் போகலை, இருக்கு பாருங்க. நிழல்தானே, யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது? ரிசப்ஷன் வாசல்ல இதைப் பெரிசா வைங்க, வர்றவன் அசந்துடுவான்." வர்ஷிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "செமையா இருக்கு சார்... ஆனா அந்த அக்கா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" அந்த அக்கா இரண்டு எட்டில்தான் நிற்கிறாள், அக்காவிடம் கேட்கக் கூடாதா? "அவங்களா? நம்ம ஸ்டாஃப்தானே மேடம்" என்றான் குமரவேல். சொல்லிவிட்டுத் திரும்பினவன் ரெஜினாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குரலை இறக்கினான். "கோச்சுக்காதே. உன்னோடது ஒண்ணும் தேறலை, அவசரத்துல எடுத்தது." "ஞாயித்துக்கிழமை போகணுமே" என்றாள் ரெஜினா. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நல்ல எண்ணத்தோடுதான் யோசித்தான், அதுதான் கொடுமை. "இதையே உங்கம்மாவுக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுத்துடலாமே! ஆம்பளை நிழல்தானே, நான்னு சொல்லிடு. அந்தக் கிழவிக்குத் தெரியவா போகுது?" அவள் அவனையே பார்த்தாள். இவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராயபுரத்து ஹாலில் அக்கா, அத்தான், தம்பி, தம்பி பெண்டாட்டி, வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு சிரிக்கிற முகங்கள். கடைசியில் ஊர் பேர் தெரியாத ஒரு பையன் மேல் சாய்ந்துகொண்டு கறுப்பாக அவள். அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டு அந்தப் பையனுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவாள். மாப்பிள்ளை நல்லாயிருக்கணும் ஆண்டவரே. ரெஜினாவுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன? பஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

கார் திரும்பி வந்துவிட்டது. இருட்டின பிறகு காற்றுத் திசை மாறி வாடை கொஞ்சம் குறைந்திருந்ததோ என்னவோ, மாப்பிள்ளையின் அம்மா தைரியமாக இறங்கி வந்தாள். "எங்கே, காட்டுங்க பாப்போம்" என்று கேமராவை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டாள். "அடேயப்பா! இதுதான்டா படம். என் மருமக நிக்கிற அழகைப் பாரு. எவ்வளவு லட்சணம்! மகாலட்சுமியாட்டம் இருக்கா." வர்ஷிணி தலையைக் குனிந்துகொண்டாள், வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள் அந்த அம்மா. "ஏம்மா, இதுல பின்னல் போட்டுப் பூ வச்சிருக்கியே, ஏன் அவிழ்த்துட்டே? இதுதான் உனக்கு எடுப்பா இருக்கு." நிரஞ்சன் திடீரென்று போனை நோண்ட ஆரம்பித்தான். "நைட்டுக்கு வேற ஸ்டைல்மா, இப்போ எல்லாரும் அப்படித்தான் மாத்துறாங்க" என்றான் குமரவேல், ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. என்ன நாக்குடா இது. ரெஜினாவின் கை தானாகவே பின்னலுக்குப் போயிற்று. மல்லிகை வாடித் துவண்டு கிடந்தது. எல்லோருக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், அதே பின்னலோடு அதே பூவோடு நின்றுகொண்டிருக்கிறாள். ஒருத்தர் கண்ணுக்குக் கூடவா தெரியவில்லை? சொல்லக் கூடாது. சொன்னால் தொழில் போகும், இன்றைக்கு ராத்திரி வீட்டில் ரகளை நடக்கும், நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது, ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குத் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். எல்லாம் தெரிகிறது. தெரிந்துதான் வாய் திறந்தது.

"அது நான்மா" என்றாள் ரெஜினா. "அந்தப் படத்துல நிக்கிறது நான்."

அந்த அம்மா கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, லைட் தூக்கிக்கொண்டு நிற்கிறவளை அப்போதுதான் முதல்முறையாக மேலும் கீழும் பார்த்தாள். கசங்கின புடவை, வியர்வை வடிகிற முகம், தோளில் வயர். சிரிப்புச் சத்தம் ஒன்று கிளம்பியது. குமரவேல்தான் முதலில் ஆரம்பித்தான். "எப்பவும் இப்படித்தாம்மா இவங்க, தமாஷ் பண்ணிக்கிட்டே இருப்பாங்க." அதைக் கேட்டு அந்த அம்மாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், "நல்ல ஆளுதான் வச்சிருக்கீங்க" என்றாள். வர்ஷிணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், நிரஞ்சன் போனைப் பார்த்தபடியே சிரித்தான். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். குமரவேல் மட்டும் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே "லைட்டைக் கொஞ்சம் உசத்திப் பிடிங்க" என்றான். ரெஜினா உயர்த்திப் பிடித்தாள்.